கிராமத்துச் சின்ன பேங்க் எதனால கவிழுது? சொசைட்டியில டெபாசிட் போடறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்

பென்னாகரத்தான்

வணக்கம். அப்பா அரசு பஸ் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனார். செட்டில்மென்ட் பணம் வந்தாச்சு. ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்து, "மாமா, வெளிய போடறதை நம்ம சொசைட்டியிலயே போடுங்க, வட்டியும் கூட வரும்"னு கேட்டுட்டுப் போயிருக்கார். அப்பாவுக்கு மனசு இளகிடுச்சு. எனக்குத்தான் பயம்.

கிராமத்துச் சின்ன பேங்குங்க எதனால விழுதுங்க? முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா? "விவசாயி கட்ட மாட்டான், அதான்"ங்கிற பதில் வேணாம். அது டீக்கடையிலயே கிடைச்சிடுச்சு.

ராயக்கோட்டை தக்காளி

செட்டில்மென்ட் வந்த சேதி உங்க வீட்டுக்கு முன்னாடி செயலாளருக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம ஊர்ல அதுக்குப் பேர்தான் கோர் பேங்கிங்.

ஓசூர் ஆடிட்டர்

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வணிக வங்கி, கிராம வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, இந்த மூன்றிலும் போடும் பணத்துக்கு டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. எத்தனை கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குத்தான். அதற்கு முன் 1993 முதல் அந்த வரம்பு 1 லட்சத்திலேயே கிடந்தது.

தொடக்க வேளாண் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-ல் திருத்தி, கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கியின் பிடியை இறுக்கினார்கள். அப்போதும் தொடக்க சங்கங்களை வெளியேதான் விட்டார்கள். கேரளத்தில் திருச்சூர் பக்கம் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் (பெயரில்தான் வங்கி, அதுவும் தொடக்க சங்கமே) 2021-ல் வெடித்த மோசடியை நினைவில் வையுங்கள். சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் வயதானவர்கள் அலைந்தார்கள். காப்பீடு இருந்திருந்தால் 5 லட்சம் வரையாவது கைக்கு வந்திருக்கும்.

பென்னாகரத்தான்

இது எனக்குத் தெரியாது சார். ஆனா சங்கத்துக்கு மேல மத்திய வங்கி இருக்கு, அதுக்கு மேல சென்னையில தலைமைக் கூட்டுறவு வங்கி இருக்கு. கீழ இருக்கறது விழுந்தா மேல இருக்கறவங்க தாங்க மாட்டாங்களா?

ஓய்வு சூப்பர்வைசர்

தம்பி, நான் மத்திய கூட்டுறவு வங்கியில களப்பணி பார்த்தவன். 2004-ல தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாப் பிரிஞ்சாலும் ரெண்டு மாவட்டத்துக்கும் மத்திய வங்கி ஒண்ணுதான். அதனால தளியிலிருந்து அரூர் வரைக்கும் சுத்தியிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

மேல இருக்கறவங்க தாங்கறதுக்கு முன்னாடி, கீழ விழுந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். அதுதான் சிக்கலே. சின்ன சங்கம் ஒரே நாள்ல விழாது. விழுந்து நாலஞ்சு வருஷம் ஆன பிறகுதான் வெளிய தெரியும். நடுவுல இருக்கிற காலத்துல புத்தகத்துல எல்லாம் சுத்தமா இருக்கும்.

எப்படின்னு கேளுங்க. பயிர்க்கடனுக்கு ஒரு வருஷம் தவணை. தவணைக்குள்ள கட்டினா நம்ம மாநிலத்துல விவசாயிக்கு வட்டியே கிடையாது, அந்த வட்டியை அரசு சங்கத்துக்குத் தரும். தவணை தாண்டினா வட்டி ஏறிடும், அடுத்த கடனும் கிடைக்காது. ஆக மழை பொய்ச்ச வருஷத்துல என்ன நடக்கும்? கையில காசு இல்லாதவர் யார்கிட்டயாவது ஒரு நாளைக்குக் கைமாத்து வாங்குவார். காலையில கட்டுவார். மறுநாள் புதுக்கடன் போட்டு எடுத்துத் திருப்பிக் கொடுத்துடுவார். சில இடத்துல அந்த ஒரு நாள் பணமும் தேவைப்படாது, வரவுச்சீட்டும் பற்றுச்சீட்டும் மட்டும் எழுதுவாங்க. இதுக்கு புக் அட்ஜஸ்ட்மென்ட்னு பேரு. கணக்குல நூறு சதவீத வசூல். நிஜத்துல ஒரு ரூபா வரலை.

தமிழ்நாடு முழுக்க எல்லா மாவட்டமும் வறட்சி பாதிச்ச பகுதின்னு 2017 ஜனவரியில அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி வருஷத்துல மானாவாரி பூமியில இருக்கிற ஒரு சங்கம் "வசூல் நூறு சதவீதம்"னு காட்டினா, நான் அந்த சங்கத்துக்குத்தான் முதல்ல வண்டியை விடுவேன். எழுபதுன்னு காட்டற சங்கம் உண்மையைச் சொல்லுது. அதைப் பத்தி எனக்குப் பயமில்லை.

அடுத்தது இம்பேலன்ஸ். சங்கம் மத்திய வங்கிகிட்ட வாங்கித்தான் உறுப்பினருக்குக் கொடுக்குது. உறுப்பினர்கள் சங்கத்துக்குத் தரவேண்டியதும், சங்கம் மத்திய வங்கிக்குத் தரவேண்டியதும் பொருந்தி வரணும். உறுப்பினர் கட்டின பணத்தை மேல அனுப்பாம சம்பளம் போட்டுட்டாங்க, உர மூட்டை வாங்கிட்டாங்க, பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுத்துட்டாங்கன்னு வைங்க. உறுப்பினர்கிட்ட வசூலிக்கக் கடனே இல்லாம சங்கம் மட்டும் கடனாளியா நிற்கும். இது திருட்டா இருக்கணும்னு அவசியமில்லை. ரேஷன் கடையும் சங்கந்தான் நடத்துது. அந்த நட்டத்துக்கு மானியம் வர்றதுக்குள்ள மாசச் சம்பளம் எங்கிருந்து வரும்? வட்டிக்கான அரசுப் பணமும் அப்படித்தான், பின்னாடிதான் வரும். நடுவுல இருக்கிற ஓட்டையை அடைக்க ஒரு செயலாளர் தேடறது புது டெபாசிட்.

உங்க வீட்டுக்கு வந்தவர் அதுக்காகத்தான் வந்தார்னு நான் சொல்லலை. டெபாசிட் சேர்க்க அவங்களுக்கு இலக்கு உண்டு. ஆனா கேட்டுப் பார்க்கணும்.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்

சூப்பர்வைசர் ஐயா சொன்னதுல ஒண்ணைக் கூடுதலா அழுத்திச் சொல்றேன். எங்க பக்கம் மா ஒண்ணுதான். 2025 சீசன்ல பெங்களூரா ரக மாங்காய் விலை படுத்துச்சு. கூழ் பேக்டரிக்காரங்க முந்தின வருஷத்துச் சரக்கே தேங்கியிருக்குன்னு கையை விரிச்சாங்க. சித்தூர் பக்கம் வெளிமாநிலக் காயை உள்ள விடமாட்டேன்னு தடை போட்டாங்க. பறிக்கிற கூலிக்கே கட்டாதுன்னு மரத்திலயே விட்டவங்க இருக்காங்க.

அந்த மாசம் நான் மட்டுமா கட்ட முடியாம நின்னேன்? எனக்கு ஜாமீன் போட்டவரும் மாந்தோப்புக்காரர். அவருக்கு நான் ஜாமீன். தோப்பை வித்துக் கட்டலாம்னா வாங்க வர்றவனும் மாந்தோப்புக்காரன், அவன்கிட்டயும் காசு இல்லை. பூச்சிமருந்துக் கடை, டிராக்டர் வச்சிருக்கிறவர், ஏலம் எடுக்கிறவர் எல்லாருக்கும் அதே கதி. பட்டணத்து பேங்க்ல நூறு பேர்ல அஞ்சு பேர் விழுவான், மத்தவன் வட்டியில அதைச் சரிக்கட்டிடுவாங்க. இங்க நூறு பேரும் ஒரே வாரத்துல விழறோம். அப்போ விவசாயி ஏமாத்துக்காரன்னு பேசறது நியாயமா?

ராயக்கோட்டை தக்காளி

தக்காளிக்காரனுக்கு இன்னும் மோசம். 2023 ஜூலையில கிலோ நூறைத் தாண்டிச்சு, அடுத்த ரெண்டு மூணு மாசத்துல ரோட்டுல கொட்டினோம். கடன் கொடுக்கிறவங்க எந்த மாசத்து என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தாங்கன்னு தெரியணும்.

அரூர் மலர்

நான் மகளிர் குழுவுல இருக்கேன். எங்க குழுவுல வசூல் நூறு சதவீதம்தான், அது நெசமான நூறு. அண்ணன் சொல்றதைப் பார்த்தா எங்களையும் சந்தேகப்படணும் போல இருக்கே?

ஓய்வு சூப்பர்வைசர்

இல்லைம்மா. உங்க குழுவுல மாசாமாசம் பன்னெண்டு பேர் முன்னாடி காசை எண்ணி வைக்கறீங்க. ஒருத்தி கொண்டுவரலைன்னா அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். உங்க வருமானமும் ஒரே இடத்துல இல்லை: பால் ஊத்தறவங்க, தையல் தைக்கிறவங்க, திருப்பூர்ல மகன் இருக்கிறவங்க. பயிர்க்கடன் அப்படி இல்லை, வருஷத்துக்கு ஒரு நாள்தான் பரீட்சை. அதுலயும் பார்த்து எழுத இடமிருக்கு.

ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். குழுத் தவணை கட்ட வேற ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ்ல கடன் வாங்கிக் கட்டறவங்க உங்க குழுவுல இருக்காங்களா?

அரூர் மலர்

…இருக்காங்க அண்ணே.

கான்சாஸில் ஒரு தர்மபுரியான்

நான் பாப்பாரப்பட்டிக்காரன். இப்போது அமெரிக்காவின் நடுவில், கோதுமை வயல்களுக்கு மத்தியில் இருக்கிறேன். காவேரிப்பட்டணத்து அண்ணன் எழுதியதைப் படித்தபோது இந்த ஊர்க் கதையைச் சொல்லத் தோன்றியது.

1920-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வருவதற்கு முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. பெரும்பாலானவை கிராமத்துக் குட்டி வங்கிகள். முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. நிலத்தின் விலையும் ஏறியது. அதை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். போர் முடிந்து 1920-21-ல் விளைபொருள் விலை விழுந்ததும் எல்லாம் சேர்ந்து விழுந்தன. பல மாநிலங்களில் ஒரு வங்கி இரண்டாவது கிளை திறக்கவே சட்டம் தடை விதித்திருந்தது. அதனால் ஒரு வட்டாரம், ஒரு பயிர், ஒரு வங்கி என்ற நிலை. பக்கத்து நாடான கனடாவிலும் அதே கோதுமை, அதே விலைவீழ்ச்சி. அங்கே ஒரு சில பெரிய வங்கிகள் நாடு முழுக்கக் கிளை வைத்திருந்தன. 1930-களின் பெருமந்தத்தில் அங்கே ஒரு வங்கியும் திவாலாகவில்லை. கிளைகளை மூடினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள், வங்கி நின்றது.

காப்பீடு பற்றியும் ஒரு பாடம் உண்டு. கான்சாஸ், நெப்ராஸ்கா, ஓக்லஹோமா உட்பட எட்டு மாநிலங்கள் அப்போதே தத்தம் அளவில் டெபாசிட் உத்தரவாத நிதி வைத்திருந்தன. 1930-க்குள் எட்டும் படுத்துவிட்டன. காரணம் அதே: நிதிக்குப் பணம் கட்டிய வங்கிகள் எல்லாமே ஒரே விவசாயத்தை நம்பியவை. நாடு தழுவிய காப்பீடு 1933 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது.

பயிரே காரணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2023 ஜூலையில் இதே கான்சாஸில் எல்கார்ட் என்ற சிற்றூரின் ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கி மூடப்பட்டது. மழை, விலை எதற்கும் சம்பந்தமில்லை. தலைமை அதிகாரி கிரிப்டோ மோசடிக்காரர்களிடம் ஏமாந்து, சில வாரங்களில் வங்கிப் பணம் 4.7 கோடி டாலரை வெளியே அனுப்பிவிட்டார். தேவாலயத்துப் பணத்தையும் விடவில்லை. நீதிமன்றம் 24 ஆண்டுகளுக்கு மேல் சிறை விதித்தது. எனக்கு உறைத்தது அது இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வங்கியில் வரம்பு இருந்தது. அதை மீறச் சொன்னபோது ஊழியர்கள் மீறினார்கள். ஊரில் எல்லாருக்கும் வேண்டியவர், பல வருடங்களாக வங்கியை நடத்தியவர் சொல்லும்போது, கீழே இருப்பவர் எப்படி மறுப்பார்?

ஓய்வு சூப்பர்வைசர்

அதையேதான் நானும் பார்த்தேன், டாலருக்குப் பதிலா ரூபா. ஒரு சங்கம், பேர் வேணாம். செயலாளர் நல்ல மனுஷன். கல்யாணமா, கருமாதியா, முதல் ஆளா நிற்பார். அவர் எழுதின ரசீதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. டெபாசிட் புத்தகத்துல ஒரு தொகை, சங்கத்துப் பேரேட்டுல வேற தொகை. இருபது வருஷமா அதே ஆள், அதே மேசை. லீவே போடமாட்டார். லீவு போடாத ஊழியரை ஊர்ல மெச்சுவாங்க, நாங்க பயப்படுவோம். அவர் நாக்காலியில வேற ஒருத்தர் பதினஞ்சு நாள் உட்கார்ந்தாலே பாதி விஷயம் வெளிய வந்துடும்.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்

அப்போ எல்லாத்தையும் பெரிய பேங்கோட சேர்த்துடலாமா? அதியமான் கிராம வங்கி நம்ம மாவட்டத்துப் பேர்ல இருந்துச்சு. 2006-ல வள்ளலார் கிராம வங்கியோட சேர்த்து பல்லவன் ஆக்கினாங்க. 2019-ல பாண்டியனோட சேர்த்து தமிழ்நாடு கிராம வங்கின்னு சேலத்துல உட்கார வச்சாங்க. பத்திரமா இருக்கலாம். ஆனா எங்க தோப்பு எது, யார் உழைக்கிறவன், யார் சீட்டாடறவன்னு தெரிஞ்ச மேனேஜர் இப்போ இல்லை. வர்றவர் ரெண்டு வருஷத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிடறார்.

ஓசூர் ஆடிட்டர்

நியாயமான குறை. ஆளைத் தெரிந்து கொடுப்பதுதான் சின்ன வங்கியின் பலம், அதே பழக்கத்தில்தான் மறுக்க முடியாமலும் போகிறது. ஆனால் பெரிதாவது மட்டுமே மருந்து என்றால் லட்சுமி விலாஸ் வங்கியை என்ன சொல்வது? 1926-ல் கரூர் வியாபாரிகள் தொடங்கியது. ஜவுளிக்காரர், விவசாயி, சிறு கடைக்காரர் என்று தெரிந்தவர்களுக்குக் கொடுத்தவரை காலம் தள்ளியது. கடைசிப் பத்தாண்டில் முன்பின் தெரியாத பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டது. 2020 நவம்பர் 17-ம் தேதி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. அந்த மாதமே டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட்காரர் தப்பினார். பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. அதே கரூரில் பிறந்த கரூர் வைசியாவும் கும்பகோணத்து சிட்டி யூனியனும் நூறு வருடம் தாண்டி நடக்கின்றன. அளவை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

ராயக்கோட்டை தக்காளி

பயிர்க்கடன் தள்ளுபடியைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. 2016, 2021 ரெண்டு தடவையும் ஒழுங்காக் கட்டின என் சித்தப்பாவுக்கு ஒண்ணும் கிடைக்கலை. கட்டாதவனுக்கு மொத்தமும் போச்சு. இப்போ சித்தப்பாவும் கட்டறதில்லை.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்

தள்ளுபடி விவசாயிக்குப் பிச்சையா? கம்பெனிக்காரனுக்கு எழுதித் தள்ளினா யாரும் கேட்கறதில்லை. ரெண்டு வறட்சி அடுத்தடுத்து வந்தா வேற எப்படி எழுந்திருக்கறது?

ஓய்வு சூப்பர்வைசர்

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், சங்கத்துக்கு வர்ற கேடு வேற இடத்துல இருக்கு. 2021 பிப்ரவரியில 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. அறிவிச்ச அன்னைக்கே விவசாயி கடன் தீர்ந்துடுச்சு. சங்கத்துக்கு அரசு தரவேண்டியது தவணை தவணையா, வருஷக்கணக்குல வரும். அதுவரைக்கும் சங்கத்தோட பெரிய சொத்து "அரசிடமிருந்து வரவேண்டியது"ங்கிற ஒரு வரி. அதை வச்சு டெபாசிட்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்க முடியாது. ஏற்கெனவே அட்ஜஸ்ட்மென்ட்ல ஓடின சங்கத்துக்கு மட்டும் தள்ளுபடி ஒரு வரம். பொய்க்கணக்கெல்லாம் அரசு செலவுல சுத்தமாயிடும். ஒழுங்கா வசூல் பண்ணின செயலாளர்தான் உறுப்பினர்கிட்ட திட்டு வாங்குவார், "அவசரப்பட்டுக் கட்ட வச்சியே"ன்னு. அடுத்த வருஷம் அவரும் தளர்ந்துடுவார். இதுல நான் விவசாயியைக் குத்தம் சொல்லமாட்டேன். தேர்தலுக்கு முந்தின வருஷம் யார்தான் கட்டுவான்?

பென்னாகரத்தான்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்பா சங்கத்துல உறுப்பினர்தான். போய் எதைக் கேட்கறது? கேட்டா காட்டுவாங்களா?

ஓசூர் ஆடிட்டர்

தணிக்கை அறிக்கை சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில், அதாவது உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் கூட்டத்தில், வைக்கப்பட வேண்டும். கடைசியாக எந்த ஆண்டுக்குத் தணிக்கை முடிந்திருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு பாக்கி என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். முடிந்திருந்தால் ஏ, பி, சி, டி என்று தர வகைப்பாடு இருக்கும். கூட்டுறவுச் சங்கச் சட்டம் 81-ம் பிரிவில் விசாரணை, 87-ம் பிரிவில் தண்டத்தீர்வை (நட்டத்தைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கும்) நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். சங்கத்தில் காட்ட மறுத்தால் கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கூட்டுறவு சங்கம் நேரடியாக அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தலப்பலம் வழக்கில் சொன்னது. ஆனால் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்டு வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

கணினிமயம் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாடு முழுக்க 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கணினி இருந்தால் மோசடி நடக்காது என்பதில்லை. ஆனால் நேற்றைய தேதியில் ரசீது எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

ஓய்வு சூப்பர்வைசர்

நான் ஒண்ணே ஒண்ணு கேட்பேன்: மொத்தக் கடன்ல நகைக்கடன் எவ்வளவு, பயிர்க்கடன் எவ்வளவு? நகைக்கடன் கூட இருந்தா மழை பொய்ச்சாலும் சங்கம் நிற்கும். அப்பா போடறதா இருந்தா, மத்திய வங்கிக் கிளையிலயே காப்பீட்டு வரம்புக்குள்ள போட்டுட்டு, செயலாளர் மனசு கோணாம இருக்க சங்கத்துல ஒரு சின்னத் தொகை போடட்டும். ஊர்ல முகம் பார்த்துத்தானே வாழணும்.

அரூர் மலர்

நகைக்கடன் பத்திரம்னு எப்படிண்ணே சொல்றீங்க? 2021-ல 5 பவுன் வரைக்குமான நகைக்கடன் தள்ளுபடிக்குச் சரிபார்த்தப்போ ஒரே ஆள் பல கடன் வாங்கினது, கவரிங் வச்சு வாங்கினதுன்னு பேப்பர்ல நாறுச்சே.

ஓய்வு சூப்பர்வைசர்

கேள்வி சரிதான்மா. நகை நெசமா இருக்கிறவரைக்கும்தான் பத்திரம். மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் இல்லை, ஒவ்வொரு கடனுக்கும் கமிஷன். வேணாம்னு திருப்பி அனுப்பின நகைக்கு அவருக்கு ஒண்ணும் வராது. அவர் எடை போட்டுக் கட்டின பையை அதுக்கப்புறம் யாரும் பிரிக்கறதில்லை. விலையும் ஒரே பக்கம் போகாது: 2013 ஏப்ரல்ல தங்கம் திடீர்னு இறங்கினப்போ, அதிக விலைக்கு அடகு வச்சவங்க பலர் மீட்க வரலை. அதனால வேற சங்கத்து மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்து, பைகளைக் கலைச்சுப் போட்டு எடுத்துச் சோதிக்கணும்னு நாங்க சொல்வோம். முன்கூட்டி தேதி சொல்லாம வரணும்.

ராயக்கோட்டை தக்காளி

தேதி சொல்லாம வர்றதா? நீங்க டோல்கேட் தாண்டறதுக்குள்ள போன் வந்துடுமே சூப்பர்வைசர் சார்.

ஓய்வு சூப்பர்வைசர்

அதனாலதான் நான் டவுன் பஸ்ல போவேன்.